பழகிவிட்ட மருந்து

மருந்துக்காரர் என்றால் அந்தத் தெருவில் வைத்தியரையும் சொல்லமாட்டார்கள், மருந்துக்கடை வைத்திருப்பவரையும் சொல்லமாட்டார்கள். முதுகில் மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற மனிதரைத்தான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவருக்கே மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டி வந்தது, என்ன செய்ய? ப்ராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது.

ஏழாவது தடவை ஏற்றி முடித்தபின், பரிசோதனை முடிவுகளோடு அவரும் மனைவியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்குக் கண்ணெல்லாம் தூக்கம். வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"இந்த மருந்து பழகிடுச்சு," என்றார் டாக்டர். "இனிமே இதை ஏத்த வேண்டாம். நிறுத்திடலாம்."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன் டாக்டர்! போன தடவை வாந்தியே இல்ல. ரெண்டு வாய் சேத்துச் சாப்பிட்டாரு." சொல்லிக்கொண்டே எழுந்தாள். அடுத்த வாரம் மருந்தேற்றக் கேட்டு வைத்திருந்த ஆஸ்பத்திரிப் படுக்கையை வேண்டாமென்று சொல்ல ஓடியே போய்விட்டாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு பேரும் கதவையே பார்த்தார்கள்.

"எனக்குப் புரிஞ்சுது டாக்டர்," என்றார் மருந்துக்காரர். "பழகினது எனக்கு இல்ல. அதுக்கு."

டாக்டர் தலையசைத்தார். "ஒரு புற்றுநோய் செல் ரெண்டாப் பிரியறப்போ உள்ளே நூல் மாதிரி இழைங்க வேலை செய்யும். இந்த மருந்து அந்த இழைகளை அசையவிடாமப் பிடிச்சுக்கும். செல் செத்துடும். ஆனா சில செல்லுங்க, மருந்து உள்ளே வந்ததுமே வெளியே தள்ளிடும். இன்னும் சிலதுல அந்த இழையே வேற மாதிரி இருக்கும், மருந்து சரியாப் பிடிக்காது. மத்ததெல்லாம் செத்து, இதுங்க மட்டும் மிஞ்சி..."

"மிஞ்சினது பெருகிடுச்சு. இடமும் காலி, போட்டிக்கும் ஆளில்ல."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற மருந்து ஒண்ணு இருக்கு. இதுக்கு மசியாததுல கொஞ்சம் அதுக்கு மசியலாம். சில மாசம் கிடைக்கலாம். அம்மாகிட்ட நான் எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நான் சொல்லிக்கிறேன்."

பெரிய வீரம்தான்! பேருந்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரு வார்த்தை வரவில்லை. ஊரார் வீட்டுக் கட்டிலைப் புரட்டிப் பார்த்து, 'மருந்து பழகிடுச்சு' என்று முகத்துக்கு நேரே எத்தனை தடவை சொல்லியிருப்பார். சொந்த மனைவியிடம் சொல்ல வேண்டியபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவளோ விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"பாப்பா அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வரேன்னாளே, எதுக்குங்க? ரெண்டு நாள் பயணம், பாவம். உங்களுக்குத்தான் பழகிடுச்சே. வருஷக் கடைசியில நிதானமா வரட்டும். சாயந்திரம் போன் போட்டுச் சொல்லிடறேன்."

வருஷக் கடைசியில் மகளுக்குக் கதவைத் திறக்க எழுந்து நிற்க முடியுமோ முடியாதோ. இப்போதே அவளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது அவருக்கு. "ம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை. சாயந்திரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இதோ இப்போது, இதோ இன்னும் ஐந்து நிமிஷத்தில் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கூடத்தில் தொலைபேசி அடித்தது. தொழில் சம்பந்தமான அழைப்புகளை எப்போதும் மனைவிதான் எடுப்பாள். பெண்கள் விடுதி நடத்துகிற அம்மா போலிருக்கிறது. சத்தம் உள்ளறைவரை கேட்டது.

"ரெண்டு தடவை அடிச்சும் போகலீங்களா?" மனைவியின் குரலில் அந்தத் தொழில்காரக் கெத்து. "அதுங்களுக்கு அந்த மருந்து பழகிடுச்சுங்க. மொதல்ல செத்ததெல்லாம் சோதா. இப்ப மிஞ்சியிருக்கறது..."

பேச்சு நின்றுவிட்டது.

மருந்துக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எதிர்முனையில் அந்த அம்மா, ஹலோ ஹலோ என்று கத்துவது கேட்டது.

"இருக்கேங்க," என்றாள் மனைவி. குரல் எங்கோ போயிருந்தது. "இப்ப மிஞ்சியிருக்கறது அந்த மருந்துக்கு மசியாத ரகம். வேற மருந்து பாக்கணும். இல்லீங்க, அவரு வரமாட்டாரு. வேற ஆளைப் பாத்துக்குங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில், அவர் படுத்தபிறகும்கூட, நாள் தள்ளிப்போடுவாளே தவிர, வேறு ஆளைப் பார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தொலைபேசியும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள். "டாக்டர் சொன்னது இந்தப் பழகிடுச்சா?"

"ஆமா."

"காலையிலேயே சொல்றதுக்கு என்ன? கல்லுளிமங்கனாட்டம் உக்காந்துட்டு வந்தீங்களே! லூசு மாதிரி எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டிட்டு வந்திருக்கேன்."

"நீ சிரிச்சு எத்தனை மாசமாச்சு," என்றார். "அதான் வாய் வரல."

திட்டுவதற்கு வாயெடுத்தவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற மருந்து இருக்கா?"

"இருக்கு."

"அதுவும் பழகிடுமா?"

"பழகும். கொஞ்ச நாள் தள்ளிப் பழகும்."

அவள் மடியிலிருந்த தொலைபேசியை எடுத்து மகளுக்கு அடித்தாள். மகள் எடுத்ததும் எடுக்காததுமாக, "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஏத்தற மருந்து பழகிடுச்சாம்டி," என்றாள் மனைவி.

"அப்பாடா!" என்று மகள் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "இப்பதாம்மா எனக்கு உயிரே வந்துது!"

மனைவி தொலைபேசியை அவர் பக்கம் நீட்டினாள். எதிர்முனையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் காதில் வாங்கிக்கொண்டார் மருந்துக்காரர்.

"பாப்பா," என்றார். "பழகினது எனக்கு இல்லம்மா. நீ அடுத்த மாசம்வரைக்கும் காத்திருக்காத. இப்பவே கிளம்பி வந்துடு."