எட்டாவது வீட்டுக்கு ஆள் சேர்த்த கதை

1.

"நீயும் அங்க வந்து இருப்பியா, இல்ல அம்மா மட்டுந்தானா?"

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கடை அக்கா கேட்டது இது. தண்ணீர்ச் சத்தத்தில் கேள்வி காதில் விழாத மாதிரி, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். இந்தக் கதை அந்தக் குழாயடியில் தொடங்கியது. கற்பனை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரத்தின் ஓரத்தில், மனிதர்கள் மேல் நம்பிக்கை வைத்த ஏழு குடும்பங்கள்...' அடித்துவிட்டேன். நம்பிக்கை வைத்தவர்கள், இன்னும் கட்டாத சமையலறையின் கதவு உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கம் திறப்பதா என்று நாலு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடமாட்டார்கள்.

'அம்மாவுக்கு ஒரு கனவு...' இது எங்கள் துண்டுப்பிரசுரத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடியிருப்பு. தனித்தனியாக எட்டு வீடு, பொதுவாக ஒரு சமையலறை, ஒரு கூடம். எட்டுக் குடும்பம் கையெழுத்துப் போட்டால்தான் நிலத்துக்காரர் நிலத்தைத் தருவார். இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார். ஒரு வருடமாக ஏழுதான். வருகிறவர்கள் "ரொம்ப நல்ல விஷயங்க" என்பார்கள், பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் போனை எடுக்கமாட்டார்கள்.

(நான்: பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளோடு பள்ளியை விட்டவள். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று கூட்டக் குறிப்பு எழுத உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு எல்லோருக்கும் தெரியும். இது வேறு நோட்டு.)

3.

அம்மா என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு வருடமாக ஒரே பேச்சை ஒரே சிரிப்போடு பேசுகிற மனுஷியை யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அம்மா சொன்னாள்: "காலி நாற்காலியப் பாத்துதான் ஓடிப்போறாங்க. சித்தியையும் சித்தப்பாவையும் வரச்சொல்லியிருக்கேன். புதுசா வந்தவங்க மாதிரி உக்காரட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

மறுநாள் கூட்டம் நடக்கிற கூடம் நிரம்பி, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் உண்மையான சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

சேர்க்கைப் படிவம் சுற்றி வந்தது. யாரும் பேனாவைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர், எங்கள் ஏழு வீட்டில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரரைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "மச்சான், கையெழுத்தும் போடணுமா? சும்மா உக்காந்து தலையாட்டுனாப் போதும்னுதான சொன்னே?"

தபால்காரர் கூரையைப் பார்த்தார். தையல்காரம்மா பக்கத்தில் இருந்த தன் நாத்தனாரைப் பார்த்தார். சித்தி அம்மாவைப் பார்த்து, "அக்கா..." என்றுவிட்டாள். ஏழு வீடும், ஒன்றுக்கொன்று தெரியாமல், அதே வேலையைச் செய்திருந்தன.

"அடப்பாவிங்களா, நீங்களுமா?" என்றார் தையல்காரம்மா, அம்மாவிடம். "உங்க தங்கச்சியப் பாத்து, ஆள் சேந்தாச்சுன்னு நிம்மதியா இருந்தேனே!"

அந்தக் கூடத்தில் இன்னும் சேராதவர்களில், யாருக்கும் உறவில்லாத ஒரே ஆள் கண்ணாடிக் கடை அக்கா. விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் ஓரிடத்தைக் காட்டி அம்மாவிடம் சொன்னார்: "ஒரே மாதிரி கோமாளித்தனம் பண்றவங்க ஒண்ணா இருக்கலாம், தப்பில்ல. நான் சேர்றேன். ஆனா இது என்னக்கா?"

ஒவ்வொரு வீட்டிலும் பதினெட்டு வயது நிறைந்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவே எழுதிய விதி. எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு கட்டம் காலி. எனக்குப் போன மாதம்தான் பதினெட்டு.

"பெத்த பொண்ணே போடலன்னா நான் எதை நம்பிப் போடறது? பாப்பா போடட்டும். அடுத்த நிமிஷம் நான்," என்றார் கண்ணாடிக் கடை அக்கா.

4.

முடிவு ஒன்று: போட்டேன். கைதட்டினார்கள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து... இதற்கு மேல் வரவில்லை.

முடிவு இரண்டு: எழுந்து நின்று, என் மனதில் இருந்ததைத் தெளிவாகச் சொன்னேன். (பொய். எழுந்து நின்று பேச வந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன்.)

நடந்தது: "போடு கண்ணு," என்றாள் அம்மா. "எனக்கப்புறம் நீ தனியா நிக்கக் கூடாதுன்னுதான இத்தனையும்."

இது துண்டுப்பிரசுரத்தில் இல்லை. எனக்கே அப்போதுதான் தெரியும். கூடமே என்னைப் பார்த்தது.

"வேண்டாம்மா," என்றேன், உட்கார்ந்தபடியே. "தினமும் இத்தன பேரோட உக்காந்து என்னால சாப்பிட முடியாது."

ஒரு வருடக் கூட்டங்களில் நான் பேசிய முதல் வார்த்தை. அதைக் குறிப்பில் எழுத வேண்டியவளும் நான்தான்.

அக்கா கையில் பேனா திறந்தே இருந்தது. அதன் பிறகு அவர் போட்டாரா, எனக்காக விதியை மாற்றினார்களா, நிலம் கைவிட்டுப் போயிற்றா, எதை வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். வந்தவர்களையெல்லாம் "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்று ஒரு வருடமாகப் பிடித்து உட்காரவைத்தவள், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாற்காலிகளுக்கு நடுவே, யார் முழங்காலிலும் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நகர்ந்து, வாசலைத் தாண்டிப் போனாள்.