கைக்குப் பின்னால் வந்த கோடு

பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த நல்லகண்ணுவும் அவன் மனைவி கோமதித்தாயும் வேதமணியின் பிளக்ஸ் கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தார்கள். உள்ளே ஒரு பெரிய பேனர் அச்சாகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் திறக்கப்போகும் ஜூஸ் கடைக்கான பேனர் அது. அதற்காகக் காத்திருந்த யாகூப், பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எம் மவன வரையணும் அண்ணாச்சி," என்றான் நல்லகண்ணு. "அஞ்சு மாசப் பிள்ள. காய்ச்சல்ல போயிட்டான்."

"போட்டோ குடுங்க தம்பி."

"போட்டோ இல்ல."

வேதமணி நிமிர்ந்து பார்த்தார். நல்லகண்ணு சட்டைப்பையில் இருந்த போனைத் தடவினான்.

"மூத்தது தங்கல. அதனால இவனுக்குக் கோமதியம்மன் கோயில்ல மொட்ட போட்டுக் காது குத்துத வரைக்கும் போட்டோவே எடுக்கக் கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டேன். நாந்தான் பிடிவாதமா இருந்தேன். போன்ல ஆடு இருக்கு, மக்காச்சோளம் இருக்கு. அவன் மட்டும் இல்ல."

கோமதித்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் குனிந்துகொண்டாள்.

இறந்தவர்களின் மங்கிய படங்களை அஞ்சலி பேனருக்காகத் தெளிவாக்குவதுதான் வேதமணிக்குப் பழக்கம். படமே இல்லாத முகத்தை அவர் வரைந்ததில்லை. முடியாது என்று சொல்ல நினைத்தவர், அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார். அது மடியில், ஒரு குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலக் குவிந்து கிடந்தது. கர்த்தாவே, கூட இரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, திரையிலேயே பேனாவால் வரையும் டேப்லெட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி மேசையில் வைத்தார்.

"நீ ஸ்கிரீனப் பாத்துச் சொல்லும்மா. கோடு சரியான எடத்துக்கு வந்ததும் நிப்பாட்டுன்னு சொல்லு."

கன்னத்தில் தொடங்கினார். ஆனால் திரையில் கோடு தாமதமாக, கைக்குப் பின்னால் வந்தது. அவள் "நிப்பாட்டுங்க" என்று சொல்லும்போது பேனா ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தது. நின்ற கையைத் தேடிக்கொண்டு கோடு மேலும் நீண்டு, கன்னத்தை ஊதிவிட்டது. அழித்து வரைந்தார். இப்போது தாடை கோணியது.

"என்னவே, ஒம்ம பேனாவும் எம் மருமவனும் ஒண்ணு," என்றார் யாகூப். "கூப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வாரான்."

வேதமணி தாடையைத் திருத்தப் பார்த்தார்.

"போதும் அண்ணாச்சி, அழிச்சிருங்க." கோமதித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தப்பு மூஞ்சியப் பாக்கப் பாக்க, அவன் மூஞ்சி கலையுது. எங்கிட்ட மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான்."

வேதமணி பதறிப்போய்த் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"நீ கண்ண மூடிக்கிடும்மா. நான் சொன்ன பொறவு பாரு."

அப்போதுதான் தன் கை செய்த தவறு அவருக்குத் தெரிந்தது. கல்யாணமோ சாவோ, அந்தக் கடையில் எல்லா முகமும் பேனருக்குத்தான். பழக்கத்தில் பத்துக்கு எட்டடியில் பக்கத்தைத் திறந்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற முகத்துக்கு அவ்வளவு இடம்; அதைச் சுமக்க முடியாமல் கம்ப்யூட்டர் திணறியது. அதை மூடிவிட்டு, உள்ளங்கை அளவில் புதிதாகத் திறந்தார். கோடு கொஞ்சம் வேகம் பிடித்தது.

அடுத்தது, கோட்டை நேராக்கும் அமைப்பு. பைக்கிலிருந்து விழுந்த பிறகு அவர் கை லேசாக நடுங்கும். மென்பொருள் சற்றுப் பொறுத்து, நடுக்கத்தை நீக்கிவிட்டுத்தான் கோட்டைப் போடும். வாடிக்கையாளர் யாருக்கும் அந்த நடுக்கம் தெரியாது. சிறிது தயங்கி, அதைச் சுத்தமாக அணைத்தார்.

அப்படியும் இடையிடையே சிக்கியது. அதே கம்ப்யூட்டரிலிருந்துதான் பேனரும் அச்சாகிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அச்சு இயந்திரத்துக்குப் போய்த் திரும்பியதை யாகூப் கவனித்தார்.

"அத நிப்பாட்டும்வே."

"பாதியில நிப்பாட்டுனா துணி வீணாப் போகும் பாய். ஒமக்குக் காலையில கட தெறக்கணும்."

"துணிதான போவுது."

இயந்திரம் நின்றது. கடை திடீரென்று அமைதியாயிற்று. வேதமணி பேனாவைத் திரையில் வைத்து இழுத்தார். பேனாவின் அடியிலேயே கோடு வந்தது.

"இப்ப பாரும்மா. கோடு நடுங்கும், பொறுத்துக்க."

அவள் சொல்லச் சொல்ல நெற்றி வந்தது. மூடிய கண்கள் வந்தன. ஒரு பக்கம் மடங்கிய காது வந்தது. நிறுத்தச் சொன்ன இடத்தில் கோடு நின்றது.

"வாய் எப்பிடிம்மா?"

"வாய்…" அவள் தன் நெற்றியில் அறைந்துகொண்டாள். "வரமாட்டேங்குது அண்ணாச்சி. எங்கிட்ட பால் குடிச்ச வாய், எனக்கே வரமாட்டேங்குது."

நல்லகண்ணு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"தூங்கும்போது கீழுதட்ட உள்ள இழுத்துக்கிடுவான்," என்றான் மெதுவாக. "கனவுல பால் குடிக்க மாதிரி."

வேதமணி வரைந்தார். நடுங்கிய கோட்டில் அந்த உதடு, இதோ அசையப்போகிறது என்பதுபோல இருந்தது. கோமதித்தாய் இமைக்காமல் பார்த்தாள்.

"நீங்க எப்பப் பாத்தீய?"

"நீ அசந்து தூங்கையில பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நா போன எடுத்து…"

"நாந்தான் முழிச்சுப் போனப் பிடுங்குனேன்." அவள் வேதமணியிடம் திரும்பினாள். "நேர்ந்ததும் நாந்தான் அண்ணாச்சி. இவுக எனக்காகப் பொய் சொல்லுதாக. ஊர் முழுக்க இதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுதாக."

"சும்மா இருட்டி," என்றான் நல்லகண்ணு. கோபமில்லாத குரல்.

அந்தப் பொய்யைக் கடவுள் எந்தப் பாவத்தோடும் சேர்க்க மாட்டார் என்று வேதமணி நினைத்தார்.

"பிரிண்ட் போட்டுத் தாரேம்மா."

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி." அவள் எழுந்து, திரைக்கு முன்னால் கணவனுக்கு இடம் விட்டாள். "இப்ப எடுங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை எடுத்தான். பிடித்த கை உதறியதில், முகம் போனுக்குள் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"முழங்கைய மேசையில ஊணிக்கிடுங்க தம்பி," என்றார் வேதமணி. "நான் அப்பிடித்தான் வரைவேன்."

அவன் குனிந்து முழங்கையை ஊன்றினான். போனில் ஆட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் அடுத்ததாக, கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு அவர்கள் மகன் தூங்கினான்.