அறுபத்து நாலு தண்ணிக்கு

1

இந்தக் கதை எங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் பிறந்தது. போசோ வெர்தே ஊர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் நான், யூடித். யார் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டோம் என்று எழுதுவது என் வேலை. போன ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே "நிதி திரட்டும் குலுக்கல் இனிதே நடந்தது" என்று எழுதிப் பேனாவை மூடினேன். மனம் கேட்கவில்லை. இனிதாவது, மண்ணாவது! நேலிடா அக்கா பட்ட பாட்டை ஒரு வரியில் அடக்கினால் எனக்குச் சோறு இறங்காது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடலோரச் சிற்றூரில் மாலைச் சூரியன் மெல்ல..." அடித்துவிட்டேன். சூரியனா சீட்டு வாங்கியது?

அடுத்து: "நேலிடா நேர்மையானவள்." இதையும் அடித்தேன். நேர்மையானவள்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். போன வருடக் குலுக்கலில் சங்கத் தலைவர் அபெலார்தோவின் மச்சினிக்கு மிக்சி பரிசாக விழுந்தபோது, "திருட்டுக் குலுக்கல்!" என்று மேடை முன்னால் நின்று கத்தியவள் இவள். அந்த மச்சினி மிக்சியைத் திருப்பிக் கொடுத்தபோது, "மாட்டிக்கிட்டதால குடுக்கறா" என்றவளும் இவளே. விற்காத சீட்டை விற்பனைப் பொறுப்பாளரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று புது விதியும் கொண்டுவந்தாள். அபெலார்தோ சும்மா இருப்பாரா? இந்த வருட விற்பனைப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்.

3

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். ஐந்நூறு சீட்டில் ஒன்றே ஒன்று மிச்சம். எண் அறுபத்து நாலு.

"எனக்கு வேணாம். கடல்ல போட்டுடறேன்," என்றாள் நேலிடா.

"விதி போட்டது யாரும்மா?" என்று கேட்டுவிட்டு அபெலார்தோ மீசைக்குள் சிரித்தார்.

பரிசு என்ன தெரியுமா? ஃபிரிட்ஜ்.

(அடிக்குறிப்பில் போக வேண்டியது: நேலிடாவின் ஃபிரிட்ஜ் இரண்டு மாதமாகச் செத்துக் கிடக்கிறது. தெருவுக்கே தெரியும். அவள் மீனெல்லாம் என் வீட்டு ஃபிரிட்ஜில். என் பாலில் மீன் வாடை.)

வீடு திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு விழுந்துட்டா என்னடி பண்ணுவேன்? ஊரே திருடின்னு சொல்லும்."

"ஐந்நூத்துல ஒண்ணுதானே அக்கா."

"அந்த மச்சினிக்கும் ஐந்நூத்துல ஒண்ணுதான்."

"விழுந்தா திருப்பிக் குடுத்துடு."

"குடுத்தா என்ன சொல்லுவாங்கன்னு நான்தானே போன வருஷம் சொல்லிக் குடுத்தேன்! சுகாதார நிலையத்து ஆக்சிஜன் மெஷினுக்குப் பாதிக் காசுதான் சேர்ந்திருக்கு. குலுக்கலே திருட்டுன்னு ஆயிட்டா, மீதிக்கு அடுத்த வருஷம் எவன் சீட்டு வாங்குவான்?"

(இந்த இடத்தில் எனக்கே என் கதாநாயகி மேல் சந்தேகம். மனசின் ஒரு மூலையில் ஃபிரிட்ஜ் ஆசை இருக்காதா? கேட்டேவிட்டேன். "இருக்குடி. அதான் பயமே," என்றாள்.)

4

ஞாயிறு மத்தியானம். பள்ளி மைதானம் முழுக்கப் பொரித்த கோழி வாசனை. நர்ஸ் எலேனா துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சீட்டுப் பானைக்குள் கை விட்டாள். நேலிடா என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்து நாலு!"

கடைசிச் சீட்டு யாரிடம் என்று ஊருக்கே தெரியும். எல்லாத் தலையும் திரும்பியது. நேலிடாவின் முகம்...

(நிறுத்துகிறேன். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான், திட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் குலுக்கலில் முதலில் வரும் இரண்டு சீட்டும் தண்ணிக்கு. மேடையில் இருக்கும் தண்ணி வாளியில் போட்டுவிடுவோம். மூன்றாவது சீட்டுக்குத்தான் பரிசு. அறுபத்து நாலு வந்தது முதல் சீட்டாக.)

"தண்ணிக்கு! தண்ணிக்கு!"

வழக்கமாகச் சீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும், மற்றவர்கள் கத்துவார்கள். இந்த முறை எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நேலிடாதான். மேடைக்கு ஓடி, சீட்டைப் பிடுங்கி, தன் விரலாலேயே வாளிக்குள் அமுக்கினாள். "போச்சுடி! நல்லாப் போச்சு!" என்று அழுதாள், சிரித்தாள். அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது.

இறங்கி நேரே அந்த மச்சினியிடம் போனாள். "மிக்சி விஷயத்துல... நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்தான்," என்றாள் மச்சினி. "உட்காரு. கோழி ஆறுது."

5

மூன்றாவது சீட்டு யாருக்கு? இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஃபிரிட்ஜ் ஓர் ஏழை மீனவர் வீட்டுக்குப் போகிறது; ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. சர்க்கரை தூக்கல். தண்ணிக்கு.

இன்னொன்றில் மறுபடியும் மச்சினிக்கே விழுகிறது. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் அந்த மனுஷி பட்டது போதும். தண்ணிக்கு.

மூன்றாவதை நீங்கள் எடுங்கள். கண்ணை நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் விழட்டும். அறுபத்து நாலு மட்டும் இனி அந்தப் பானையில் இல்லை. நேலிடா அக்கா இப்போதுதான் என் ஃபிரிட்ஜில் இன்னும் இரண்டு மீனைத் திணித்துவிட்டு, பாடிக்கொண்டே போகிறாள்.