உஷிகோமெ ஐயா சாப்பிட்ட செடி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேவதாரு நிழலில் வெயில் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். என் கணவர் டொகுஜி அங்கேதான் ஹோஸ்டா என்ற இலைச்செடி வளர்க்கிறார். யமகதா மலையில் அது தானாக முளைத்தால் அதற்குப் பெயர் உருயி. பறித்து வேகவைத்துச் சாப்பிடுவோம். இவர் நட்டுவிட்டாலோ அது தொடக்கூடாத தெய்வம். குழாய்த் தண்ணீர் ஆகாதாம், மழைத் தண்ணீர்தான் ஊற்றுவார். இலையைத் தின்ன வரும் நத்தைகள் விழுந்து சாகட்டும் என்று கிண்ணத்தில் பீர் வைப்பார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு வாய் ஊற்றியிருப்பாரா இந்த மனிதர்?

அவர் விதை போட்டு வளர்த்ததில் ஒன்று புது ரகமாக வந்திருந்ததாம். நிழற்செடிச் சங்கத்து நடுவர் உஷிகோமெ ஐயா பார்த்துச் சரி என்றால் போதும், பதிவாகிவிடும். பெயர் வைக்கும் உரிமை இவருக்கு. அதற்காகச் சோறு தண்ணி மறந்து அலைந்தார். எந்தச் செடி என்று என்னிடம் காட்டவில்லை. என் கண் பட்டுவிடுமாம்!

நடுவர் வரும் நாளன்று காலையில் இவர் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். விருந்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று நான் பின்பக்கம் போனேன். மூலையில் ஒரு நீல வாளி கவிழ்த்திருந்தது. எங்கள் ஊரில் உருயி மேல் வாளியைக் கவிழ்ப்பது சமையலுக்குத்தான். வெளிச்சம் படாமல் வெளுத்து இளசாக வளரும், ருசி அள்ளும். தூக்கிப் பார்த்தால் பன்னிரண்டு முளை, வெள்ளை வெளேரென்று! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக இந்த மனிதர் என் சமையலுக்கு ஒத்தாசை செய்திருக்கிறார். அடியோடு அறுத்து, லேசாக வேகவைத்து, மிசோ என்ற சோயா விழுதும் வினிகரும் போட்டுப் பிசறி வைத்தேன்.

உறைபனியில் கருகாமல் இருக்கத்தான் கவிழ்த்தாராம். வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

"செடி எங்கயும் ஓடிடாது, முதல்ல சாப்பிடுங்க" என்று வந்து சேர்ந்த இருவரையும் உட்காரவைத்தேன். உஷிகோமெ ஐயா ஒரு கிண்ணம் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"என்னம்மா இது, வாயில வெச்சா கரையுது!"

"உருயிதாங்க ஐயா. உங்களுக்குன்னே இவர் வாளி கவிழ்த்து வளர்த்தது."

டொகுஜியின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. "எந்த வாளி?"

"மூலையில இருந்துச்சே, நீல வாளி."

எழுந்து ஓடினார். தோட்டத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. வெறும் வாளியோடு திரும்பி வந்தார்.

"அடிப்பாவி! பதினோரு வருஷம்டி!"

"என்கிட்ட காட்டியிருந்தா தொட்டிருப்பேனா? கண்ணு படும்னு ஒளிச்சு வெச்சீங்க, இப்ப வயித்துக்குப் போயிடுச்சு!"

வாய்ச் சவடாலாகப் பேசினேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

கிண்ணத்தில் ஒரே ஒரு முளை மிச்சம். ஐயா அதைத் தேநீரில் அலசி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பால் வெள்ளை. ஓரத்துல நூல் மாதிரி பச்சை. நான் இதுவரைக்கும் பாக்காத ரகம்யா!"

"அப்ப பதிவு பண்ணிடுவீங்களா?"

"வெந்த செடிய எப்படிய்யா பதிவு பண்றது?"

"வேர் இருக்குங்க! திரும்பத் துளிர்க்கும்!"

"இப்ப துளிர்த்தா இந்த வெள்ளை வராது. அடுத்த வசந்தத்துலதான் தெரியும். நானே நேர்ல வரேன்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கடைசி முளையையும் வாயில் போட்டுக்கொண்டார். என் கணவர் அதைக் கவனிக்கவே இல்லை. செடி தள்ளுபடியாகவில்லை என்ற சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

புறப்படும்போது தூறல். இவர் குடை எடுக்க உள்ளே போன நேரத்தில் ஐயா என் பக்கம் குனிந்தார்.

"ஒரு தடவை பாத்து முடிவு பண்ற செடி இல்லம்மா இது. நாலஞ்சு வசந்தமாவது வரணும். நாலே நாலு முளை வேகவெச்சா போதும். ஓரமா, அவருக்குத் தெரியாம."

நானும் தலையாட்டிவிட்டேன். குடையோடு ஓடிவந்த என் கணவர், ஐயா தெருமுனை தாண்டும்வரை குனிந்து வணங்கியபடியே நின்றார்.

"பாத்தியாடி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செடியோட அருமை தெரிஞ்ச மனுஷன்!"