ரயில் நிலையத்துத் தகியான் மரம்

பாங்காக்கே தன் விளம்பரத்தைப் பற்றிப் பேசப்போகிறது என்றுதான் நுவான்சான் நினைத்தாள். நினைத்ததில் தப்பே இல்லை. அவ்வளவு அழகான வேலை. வடக்கே மலைக்காட்டில் இருக்கும் ஒரு விடுதிக்கான விளம்பரம். படம் இல்லை, பளபளப்பு இல்லை. வெள்ளத்தில் சாய்ந்த தகியான் மரம் ஒன்றைப் பாசியோடு அப்படியே கொண்டுவந்து, அலுவலகக் கூட்டம் மொய்க்கும் ரயில் நிலைய வாசலில் கிடத்தினாள். யாராவது உட்கார்ந்தால் போதும், விடுதியை ஒட்டி ஓடும் ஆற்றின் சத்தம் மரத்தடியில் ஒளித்த ஸ்பீக்கரிலிருந்து கேட்கும். எழுந்தால் நின்றுவிடும். என்ன மூளை பாருங்கள்!

ஆனால் தகியான் மரத்தில் அம்மா என்று கும்பிடும் பெண் தெய்வம் குடியிருக்கிறாள் என்பது இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வேலை மும்முரத்தில் இவளுக்கு அது உறைக்கவில்லை. முதல் நாளே யாரோ மூன்று வண்ணத் துணி கட்டினார்கள். அப்புறம் பூமாலை, படையலுக்குச் சிவப்பு சோடா. பட்டையில் பவுடரைத் தேய்த்து லாட்டரி எண் தேடுகிறவர்கள் வேறு. எல்லாரும் கும்பிட்டார்கள், ஒருத்தர்கூட உட்காரவில்லை. ஆறு வாயே திறக்கவில்லை.

விடுதி முதலாளி வொரபோட் போனில் கடுகாய் வெடித்தார். "விளம்பரம் கேட்டா கோயில் கட்டி வச்சிருக்கே. சாயங்காலம் நானே வர்றேன். ஒரு ஆளாவது உக்காந்திருக்கணும். இல்லேன்னா இன்னிக்கே மரத்தைத் தூக்கிடு."

நுவான்சான் நிலையத்துக்கு ஓடினாள். துணியை அவிழ்த்துவிடலாம் என்று போனாள், கை வரவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே. சாயங்காலக் கூட்டம் சூழ்ந்து நிற்க, செருப்பைக் கழற்றி மண்டியிட்டாள். "அம்மா, யோசிக்காம பண்ணிட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா மேலயே உக்கார்றியே, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு" என்றாள், பவுடர் டப்பாவோடு நின்ற ஒரு வங்கிக்காரி.

"அம்மா மடின்னா உக்காரத்தானேக்கா."

அடியிலிருந்து ஆறு சலசலத்தது. வங்கிக்காரி குதிகால் செருப்பைக் கழற்றி, ஒரு கும்பிடு போட்டு, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "காலைலேர்ந்து நிக்கிறேம்மா" என்று மரத்திடமே முறையிட்டாள். அப்புறம் இடம் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

வொரபோட் வந்தபோது மரம் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். வங்கிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியே வாடிக் கெடக்கு. ஷூவைக் கழட்டிட்டு இப்படி உக்காருங்கண்ணே" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தார். வந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. போன் அடித்தது, பார்க்காமலே அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது நம்ம ஆறா?"

"நம்ம ஆறுதான் சார். இப்ப அங்க ஓடுற சத்தம்தான்."

"இத்தனை வருஷமா அதோட கரையில விடுதி நடத்துறேன். இன்னிக்குத்தான் கேக்குறேன்."

நுவான்சான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப மரத்தைத் தூக்குறது..."

வொரபோட் கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா இரு. அம்மா பேசுறாங்க."