செவிட்டு ஆட்டம்

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் கபடி பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவரும் ஒரு கோச்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைப் பிடி என்பார் ஒருவர், இடுப்பைக் கட்டு என்பார் அடுத்தவர், இரண்டுமே தப்பு என்பார் டீக்கடைக்காரர். வெளியூர்ப் பிள்ளைகள் காதில் வாங்காமல் ஆடிவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளால் முடியாது. கத்துகிறவர் மாமாவாக இருப்பார், இல்லையென்றால் சித்தப்பா. பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள்.

போன வருடம் மாவட்ட இறுதிப் போட்டியில் இதுதான் நடந்தது. பாடி வந்த எதிரணிப் பெண்ணை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். நடுக்கோட்டை அவளால் தொட முடியாது. அந்த நேரம் பார்த்து நம்மூர்த் தாத்தா ஒருவர், "போதும் விடு ஆத்தா, மூச்சு முட்டப் போவுது" என்று இரக்கப்பட்டார். நான்கு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் எழுந்து நடுக்கோட்டைத் தொட்டாள், கோப்பையும் அவர்களோடு போனது. இப்படித் தோற்ற அணி உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அந்த அணியின் கோச் திலகவதி, ஊர் மேல்நிலைப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். அவள் பிள்ளைகளைத் திட்டவில்லை. திட்டினால் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அதுதானே நோயே. அதற்குப் பதிலாக ஒரு பயிற்சி ஆட்டத்தைக் கண்டுபிடித்தாள். ஆடுவது வழக்கமான கபடிதான். ஆனால் வெளியே நிற்கிற யாரும் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். வெளிக்குரல் சொன்னதைச் செய்கிறவள், குரல் வந்த பக்கம் திரும்புகிறவள், அவுட். பிள்ளைகள் அதற்குச் செவிட்டு ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நாள் ஒருத்தி மிச்சமில்லாமல் அவுட் ஆனார்கள். திலகவதி விடவில்லை. முதலில் வகுப்புப் பிள்ளைகளைக் கத்த வைத்தாள், பிறகு மைக் செட், பிறகு சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்களையே அழைத்தாள். கத்துவதற்கு அழைத்தால் வராமல் இருப்பார்களா? அறுவடையை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. மாதங்கள் போகப் போகப் பிள்ளைகளின் காது அடைபட்டது. எல்லோரிலும் ஹரிணிக்கு நன்றாக அடைபட்டது. ஒருநாள் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி ஹரிணியின் அம்மாவே கோட்டோரம் வந்து, தம்பிக்கு மூச்சு வாங்குது, ஓடியா என்று அலறினாள். ஹரிணியின் தம்பி நிலவழகனுக்கு நிஜமாகவே இளைப்பு உண்டு. அப்படியும் அவள் கண் எதிராளியின் காலை விட்டு அசையவில்லை. திலகவதி கை தட்டினாள். எந்தக் கோச்தான் தட்டமாட்டாள்?

கடைசிவரை தேறாதவள் அழகி ஒருத்திதான். காக்கை கரைந்தால்கூடத் திரும்புவாள். ஆனால் பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள மாவட்டத்தில் ஆள் இல்லை. கோச் கண்ணை மூடிக்கொண்டு முதலில் எழுதுகிற பெயர் அழகி, இரண்டாவது ஹரிணி.

இந்த வருடம் ஜெயித்தே ஆக வேண்டும் என்பது அழகிக்காகத்தான். அவள் பிளஸ் டூ. அப்பா ரத்தினவேல் இரண்டு வருடத்துக்கு முன் லாரி மோதி இறந்துவிட்டார். அம்மா கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுக்குப் பெண்களைச் சேர்த்துவிடுகிற தரகர் வீட்டுக்கு வந்து பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார். திலகவதி ஓடிப்போய் அந்த அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு வாக்கு வாங்கினாள். மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும் விடுதியில் சோறும் வாங்கித் தந்துவிடலாம். அப்படி நடந்தால் மில் வேண்டாம். தோற்றால் அடுத்து வருகிற திங்கட்கிழமை வேனில் ஏற வேண்டியதுதான். பரீட்சையைப் பிறகு தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்றாள் அம்மா. அப்படிப் போனவர்கள் யாரும் எழுதியதில்லை.

காது சரியானது. கைதான் சரியாகவில்லை.

கபடியில் பிடிக்க நிற்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சங்கிலிதான் பலம். அழகியும் ஹரிணியும் கை கோக்க மாட்டார்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் பங்காளிகள், எல்லையில் இருந்த ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டவர்கள். சண்டை முற்றி, இரண்டு பேரும் ஐயனார் கோவிலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த வீட்டாரை என் வீட்டார் யாரும் தெரிந்து தொட்டுப் புழங்கினால் என் மகன் மேல் ஆகட்டும் என்பது ஹரிணியின் அப்பா குணசேகரன் செய்த சத்தியம். மகன் என்றால் இளைப்புக்காரன் நிலவழகன்தான். கோபத்தில் மனிதன் தன் தலையை அடகு வைத்தாலும் நியாயம் உண்டு, பச்சைப் பிள்ளையை வைப்பானா? இவர் வைத்தார். ரத்தினவேல் செத்தபோதுகூட அந்த வாசலை மிதிக்க முடியாமல் தெருமுனையில் நின்று அழுதார்.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்ளும், சிரித்துக்கொள்ளும். பிடியில் எல்லோரும் மேலே விழும்போது பட்டுக்கொள்வது கணக்கில் வராது என்று ஹரிணி தனக்குத்தானே ஒரு சமாதானமும் வைத்திருந்தாள். தெரிந்து கையைப் பிடிப்பது மட்டும் முடியாது. ஒருத்தியை இடப்பக்கமும் ஒருத்தியை வலப்பக்கமும் நிறுத்திப் பார்த்தாள் திலகவதி. ஆட்டம் தொடங்கும்போது அது சரிதான். ஒவ்வொருத்தியாக அவுட் ஆகி வெளியே போகப் போக, கடைசியில் மிஞ்சுவது யார்? நன்றாக ஆடுகிற இந்த இரண்டு பேர்தான்.

அதற்கும் ஒரு ஆட்டம் கண்டுபிடித்தாள். களத்தில் இரண்டே பேர், அவர்கள் நடுவில் ஒரு துண்டு. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பாடி வருகிறவளை மடக்க வேண்டும். துண்டைத் தொடுவது கையைத் தொடுவது ஆகாது என்று ஹரிணியும் ஒத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு மடிப்பாகத் துண்டைக் குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கைக்குட்டைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருந்தது. போட்டியில் துணிக்கு அனுமதி கிடையாது. ஒரு மாலை, அவர்கள் மும்முரமாக ஆடும்போது கைக்குட்டையை மெதுவாக உருவிக்கொண்டாள். ஹரிணி தீயைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் வந்து டீச்சரிடம் ஒன்று கேட்டாள்.

"தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன டீச்சர் செய்வீங்க?"

திலகவதி ஸ்கூட்டியை எடுத்தாள். நேரே குணசேகரன் வீட்டுக்குப் போனாள். துபாயில் இருந்துவிட்டு வந்து முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். சண்டைக்கு வருவார் என்று நினைத்துப் போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். சத்தியத்தைக் கழிக்க வழி உண்டா என்று அவள் கேட்டதற்கு, உண்டு என்றார். அணைத்தவர்களே அதே இடத்தில் நின்று மறுபடி சூடத்தை ஏற்ற வேண்டும்.

"ஏத்த மாட்டேன்னா சொல்றேன்? ரெண்டு பேரும் சேந்துல்ல ஏத்தணும். அவனை எங்கிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரது டீச்சர்?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் ஸ்கூட்டியில் அழுதுகொண்டே வந்தாள். செத்தவனையும் சாமியையும் வைத்துக்கொண்டு எந்தக் கோச்சால் பயிற்சி கொடுக்க முடியும்?

இறுதிப் போட்டி புதுக்கோட்டையில் நடந்தது. ஊரே வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தது, கத்துவதற்கு. கத்தினார்கள். பிள்ளைகள் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அழகியைத் தவிர. சென்ற வருடக் கேலிக்கெல்லாம் பதில் சொல்வதுபோல ஆடினார்கள். ஆனால் எதிரணியும் லேசுப்பட்டது அல்ல. கடைசி நிமிடத்தில் நம் அணி ஒரு புள்ளி பின்னால். களத்தில் மிச்சம் இரண்டு பேர். யாராக இருக்கும் என்று திலகவதிக்கு முன்பே தெரிந்திருந்ததுதானே.

எதிரணிக்கு அது கடைசிப் பாட்டு. முந்தைய இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்ததால், இந்த முறை யாரையாவது தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் பாடுகிறவள் அவுட். ஆகவே அவள் உள்ளே வந்துதான் தீர வேண்டும். இரண்டே பேர் நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. பிடித்தால் கோப்பை, மாநிலம், கல்லூரி, விடுதிச் சோறு. விட்டால் திங்கட்கிழமை வேன். திலகவதி பெஞ்சை விட்டு எழுந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவள் குரலும் வெளிக்குரல்தான்.

நெட்டையான பெண் ஒருத்தி பாடிக்கொண்டு உள்ளே வந்தாள். அழகி ஓரத்தில், ஹரிணி அவளுக்கு உள்பக்கம். ஹரிணியின் இடது கை விரிந்தது, மூடியது. அழகி பக்கம் கொஞ்சம் போனது, திரும்பி வந்தது.

கயிற்றுக்கு வெளியே நின்ற குணசேகரன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கயிற்றுக்குள் குனிந்து வந்துவிட்டார். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கையப் புடி ஆத்தா. அக்கா கையப் புடி. சத்தியம் பண்ணுனவன் நானு, வாரது எனக்கு வரட்டும். புடி ஆத்தா."

ஊர்ச் சனம் கத்துவதை நிறுத்திவிட்டது. அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது, எதிரணிக்குக் கேட்டது. அழகி திரும்பினாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. ஹரிணியின் கண் மட்டும் எதிராளியின் காலிலேயே இருந்தது. அப்பா மறுபடி கத்தினார், குரல் கம்மிப்போய்க் கத்தினார். அவள் இமைகூட அசையவில்லை.

அழகி கையை நீட்டி ஹரிணியின் கையைப் பிடித்தாள். ஹரிணி அதே பழைய வேகத்தில் உதறிப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் புகுகிற சந்து விழுந்தது. நெட்டைப் பெண் ஹரிணியின் தோளைத் தட்டிவிட்டு அந்தச் சந்தில் திரும்பினாள். அழகி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். தனியாகப் பிடித்தாள், விடாமலும் பிடித்தாள். தரையோடு தரையாக இழுபட்டுக்கொண்டே போனாள். நெட்டைப் பெண் குப்புற விழுந்து கையை நீட்டினாள். விரல் நடுக்கோட்டில் பட்டுவிட்டது.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த திலகவதியிடம் குணசேகரன் வந்தார். அவர் சட்டையெல்லாம் வியர்த்திருந்தது.

"நான் சொன்னது அதுக்குக் கேக்கலையா டீச்சர்?"

"கேக்காதுங்க. கேக்கக்கூடாதுன்னு நான்தான் பழக்கினேன்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். திட்டியிருந்தால் திலகவதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் வேனில் போனார்கள். அணி பஸ்ஸில் திரும்பியது. ஹரிணி தேம்பிக்கொண்டே வந்தாள். கையைக் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் தம்பியை நினைத்தால் முடியவில்லை, அப்பா செய்த சத்தியம் அப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் அப்பா சத்தியத்தை விட்டுவிட்டார் பெண்ணே என்று சொல்லிவிடத் திலகவதி வாயைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து அழகி அவள் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் காதருகே குனிந்தாள். அழகியின் முழங்காலிலும் முகவாயிலும் தோல் உரிந்திருந்தது.

"சொல்லாதீங்க டீச்சர். அவங்க அப்பாவுக்கும் போன் போட்டு, சொல்ல வேணாம்னு சொல்லிருங்க."

ஊர் வாயை எப்படி மூடுவாய் என்று கேட்டாள் திலகவதி. பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன், ஊர் அப்புறம் சொல்லிக்கொள்ளட்டும் என்றாள் அழகி.

"தெரிஞ்சா அவ கூசிப்போயி எம் மூஞ்சியப் பாக்க மாட்டா டீச்சர். நான் திங்கக்கிழமை போயிருவேன். அது வரைக்குமாச்சும் எங்கிட்டப் பேசட்டும்."

திலகவதி போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் முன்பக்கம் போனாள். குணசேகரன் சரிங்க என்று மட்டும் சொன்னார். அவள் திரும்பி வந்தபோது ஹரிணி பின்சீட்டுக்கு மாறி, அழகிக்கும் தனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவோ பேசிக்கொண்டார்கள். மில்லில் லீவு விடுவார்களா என்று ஹரிணி கேட்டது காதில் விழுந்தது.

அழுத களைப்பில் கொஞ்ச நேரத்தில் ஹரிணி தூங்கிப்போனாள். அவள் தலை பையைத் தாண்டி அழகியின் தோளில் சரிந்தது. கந்தர்வக்கோட்டை தாண்டும்வரை அழகி அசையவே இல்லை. ஊர் நிறுத்தம் நெருங்கியதும், ஹரிணி விழித்துக்கொண்டு பயந்துவிடக் கூடாது என்று, அந்தத் தலையை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள்.