காது மிஷின்

விஜயகுமாரி மாத்திரை டப்பாவைத் தரையில் கவிழ்த்துப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஷாமியானா கட்டுகிறார்கள். தோட்டத்துப் பக்கம் புருஷனைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இந்தப் பொம்பளை என்னடாவென்றால் முட்டிபோட்டு உட்கார்ந்து எதையோ தேடுகிறாள்.

"என்ன வேணும்னு சொல்லும்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்றான் மகன் இளவழகன்.

"அப்பாவோட காது மிஷினுக்குப் பேட்டரி. புதுசா ஒரு அட்டை வாங்கியாந்தியே, எங்க வெச்ச?"

காலையிலிருந்து அழாமல் ஓடியாடிக்கொண்டிருந்த பையனுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி அவன் தோளைத் தொட்டு, "துக்கம் தலைக்கேறிடுச்சுப்பா, ஒரு வாய் காபி குடுத்து உக்கார வை" என்றாள்.

துக்கம்தான், இல்லையென்று யார் சொன்னது? நாற்பது வருஷத்துக்கு மேல் கூடப் படுத்து எழுந்த மனுஷன் விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டார். ஆனால் அந்தத் துக்கத்தை நிம்மதியாக அழுது தீர்க்கவிடாமல் குழப்பம் ஒன்று அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குறுக்கே நின்றது. பெற்ற பிள்ளையிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை.

புருஷன் சக்கரபாணி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். காலமெல்லாம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றவர். ரிட்டையர் ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே காது போய்விட்டது. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சம், அதனால் எதற்கும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார். பத்திரிகை வைக்க வந்தவர் "குடும்பத்தோட வந்துடணும்" என்றாலும் ஆட்டுவார், "எங்க அப்பா தவறிட்டாருங்க" என்று ஒருத்தர் வந்து நின்றாலும் அதே சிரிப்போடு ஆட்டுவார். அப்புறம் விஜயகுமாரி பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும். "எங்கண்ணன் பூம்பூம் மாடு" என்று அவர் தம்பி சின்னதுரையே கிண்டல் செய்வார்.

பிள்ளை வேலைக்கு வந்ததும் மிஷின் வாங்கிக் கொடுத்தான். காதில் சரியாக உட்காராவிட்டால் அது கீச்சென்று விசில் அடிக்கும். வீடு முழுக்கக் கேட்கும் அந்த விசில், போட்டிருக்கிற மனுஷனுக்கு மட்டும் கேட்காது. "விசிலடிக்குது பாருங்க" என்று அவள்தான் போய்க் கட்டைவிரலால் அழுத்திவிடுவாள். சாம்பார் கரண்டி கையில் இருந்தாலும் போவாள். அது பழகிவிட்டது.

மகனுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை முற்றிப் பிழைத்ததிலிருந்து அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். சக்கரபாணி தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிடுவார், ஆராதனை முடிகிற வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார், திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார், எக்காளம் ஊதினதும் செத்தவர்களெல்லாம் எழுந்திருப்பார்கள் என்று அவள் ஆரம்பித்தால் மட்டும் சீண்டுவார்.

"வர்றாரு வர்றாருங்கிறியே, எந்த ஷிப்டுல வர்றாரு? நைட் ஷிப்டுன்னா நான் மைன்ஸ்ல இருப்பன். எக்காளம் ஊதுனா மட்டும் எனக்கு எங்க கேக்கப் போவுது? நீதான் வந்து கூப்புடணும்."

"வந்து கூப்புடறேன், கூப்புடறேன்" என்பாள் அவளும். சிரிப்பாள். ராத்திரி படுத்த பிறகு அந்தச் சிரிப்பு தங்காது. இயேசுவை ஏற்றுக்கொள்ளாதவர்கள் அந்த நாளில் கைவிடப்படுவார்கள் என்று சபையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தான் எழுந்து திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் இந்த மனுஷன் இல்லாமல் போனால்? அதற்காகத்தான் இத்தனை வருஷமும் முழங்காலில் நின்றாள்.

முந்தாநாள் பாஸ்டர் ஞானசிகாமணி வந்தார். தெற்கத்திக்காரர், வெள்ளை மனசு. தனக்குச் சளி என்பதால் நோயாளிக்கு ஒட்டிவிடக் கூடாதென்று முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியிருந்த நேரம் அது. சக்கரபாணியின் தலையில் கையை வைத்துப் பாஸ்டர் கேட்டார்.

"ஐயா, இயேசு உங்களுக்காக மரிச்சு உயிரோட எழுந்தார்னு விசுவாசிக்கிறீங்களா? அவர உங்க இரட்சகரா ஏத்துக்கிறீங்களா?"

சக்கரபாணி சிரித்தார். தலையை ஆட்டினார்.

"ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் கத்தியதில் விஜயகுமாரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டாள். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் முழுக்காட்ட முடியாதே என்று அவள் தயங்கியதற்கு, இயேசுவோடு சிலுவையில் தொங்கிப் பரலோகம் போன கள்ளன் எந்த ஆற்றில் முழுகினான் என்று பாஸ்டர் கேட்டார். அவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

அந்தச் சந்தோஷம் மாத்திரை கொடுக்கிற நேரம் வரைக்கும்தான். டப்பாவைத் திறந்தால் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே மிஷின் கிடக்கிறது. காது வலிக்கிறது என்றாரே என்று காலையில் அவளேதான் கழற்றி வைத்திருந்தாள். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள்தான் அவர், பெல்ட் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் அது வரும். ஆனால் பாஸ்டர் வாயைத்தான் மாஸ்க் மூடியிருந்ததே!

"நீ ஏன் அப்பிடி அழுத?" என்று சக்கரபாணி கேட்டார்.

அப்போதே மிஷினை மாட்டிக் கேட்டிருக்கலாம். கை அதை எடுக்கக்கூடச் செய்தது. ஆனால் கேட்டு, 'அதெல்லாம் எனக்கு எதுக்கு, வுடு' என்று இந்த மனுஷன் சொல்லிவிட்டால்? இருக்கிற தலையாட்டலும் போய்விடுமே. "உங்களுக்காக ஜெபம் பண்ணாரு" என்று மட்டும் வாயசைத்துச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

இதுதான் அந்த முள்.

குளிப்பாட்டி வேட்டி கட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியது. அதே நேரம் சொந்த ஊரான காடாம்புலியூரிலிருந்து சின்னதுரையும் வேனில் வந்து இறங்கினார். வேன் மேலே பாடை கட்டப் பச்சை மூங்கில். அண்ணன் காலில் விழுந்து ஒரு மூச்சு அழுது எழுந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார்.

"இன்னா பாஸ்டரே, பொட்டி வந்துகீது? எங்கண்ணன் எந்தக் காலத்துல உங்க கோயிலுக்குள்ள வந்தாரு? அண்ணிய வாசல்ல வுட்டுட்டு டீக்கடையில குந்திகினு இருந்த மனுசன் அவரு. எங்க முந்திரிக் கொல்லியில கொண்டும்போயி எரிச்சி, கெடிலத்து ஆத்துல கரைக்கிறதுதான் மொற."

"முந்தாநாள் ஆண்டவர ஏத்துக்கிட்டாருங்க. நான் கேட்டேன், தலையசைச்சு ஆமான்னு சொன்னார். சகோதரி பக்கத்துலயே இருந்தாங்க."

சின்னதுரைக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக்கீது! பூம்பூம் மாட்டாண்ட போயி சம்மதமான்னு கேட்டுகினு வந்துக்கிறீங்களே." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க இன்னா சொன்னாலும் நான் மறுபேச்சு பேச மாட்டன். எங்கண்ணன் கேட்டுப் புரிஞ்சிகினுதான் தலைய ஆட்னாரா?"

கூடத்தில் அத்தனை கண்ணும் அவள் மேல். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பெட்டி, கல்லறை, நாளைக்குத் தனக்கும் பக்கத்தில் ஓர் இடம். சொல்லிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? தெரிய வேண்டியவருக்குத் தெரியுமே. பொய் சொல்லி ஒரு ஆளைப் பரலோகத்துக்குள் தள்ளிவிட முடியுமா?

"ஆட்டுனாரு தம்பி. நான் பாத்தேன்" என்றாள்.

பாஸ்டர் மெல்ல "ஸ்தோத்திரம்" என்றார்.

"ஆனா மிஷினு காதுல இல்ல. நான்தான் கழட்டி வெச்சிருந்தேன். பாஸ்டரு மாஸ்க் போட்டிருந்தாரு, வாயும் தெரிஞ்சிருக்காது. அப்புறமா நானாச்சும் கேட்டிருக்கலாம். வேணாம்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினு கேக்காம இருந்துட்டேன்." அதுவரை வராத அழுகை அப்போது பிய்த்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியல தம்பி. அவருக்குக் கேட்டுச்சான்னு எனக்குச் சத்தியமா தெரியல."

பாஸ்டர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நான் கேட்டேன், அவர் ஆட்டினார். எனக்கு அது போதும்" என்றார் கடைசியில். குரலில் முந்தைய உரம் இல்லை. "தலைக்குள்ள என்ன இருந்துச்சுங்கிறத ஆண்டவர் பாத்துக்குவார், சகோதரி. எங்க கல்லறைத் தோட்டத்துல எடம் உண்டு."

சின்னதுரை பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கிலை இறக்கவா என்று வேன்காரர் வாசலிலிருந்து கேட்டதற்கு, இரு என்று கையைக் காட்டினார்.

"அண்ணி, வேலைக்குப் போவ சொல்லோ இவரு என்னிக்காச்சும் அலாரம் கேட்டு எழுந்துக்கிறாரா?"

"இல்ல தம்பி. நான் கால் கட்டவெரலப் புடிச்சி அழுத்தணும்."

"அப்ப உங்களாண்டயே கெடக்கட்டும்." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க கொல்லியில முந்திரிக்கு நடுவுல தனியா வுட்டா இவர எவன் எழுப்புவான்? ஆனா ஒண்ணு, வாய்க்கரிசி நான் போடுவன். அத எவனும் தடுக்கக் கூடாது."

அவர் வாய்க்கரிசி போட்டபோது பாஸ்டர் ஷாமியானாக் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயகுமாரிக்கு நிம்மதி வரவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. இளவழகன் பிரிட்ஜ் மேலிருந்து பேட்டரி அட்டையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் அவள் கையில் வைத்தான். மிஷினில் பேட்டரியைப் போட்டு, குளிர்ந்த காதுமடலை ஒதுக்கி, எப்போதும்போல மாட்டிவிட்டாள்.

"சகோதரி" என்று பாஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார், "அங்க போனா செவிடர் காதெல்லாம் திறந்திரும். இது எதுக்கு?"

"தெரியும் பாஸ்டர்" என்றாள். தெரியும்தான். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். கட்டைவிரல் மட்டும் மிஷினை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தியது. அது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

கல்லறைத் தோட்டம் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிறது. மைன்ஸ் மண்மேடு அங்கிருந்து பார்த்தால் தெரியும். வேன் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தது. பெட்டியைக் குழியோரம் வைத்துப் பாடினார்கள். எக்காளம் முழங்கும் நாளைப் பற்றிப் பாஸ்டர் பேசினார். தூங்குகிறவர்கள் எழுந்திருப்பார்கள், நாமும் மறுரூபமாவோம், கண்ணீர் இனி இல்லை என்றார். சின்னதுரை அண்ணியின் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்றார். கடைசியாக முகம் பார்த்த பிறகு மூடியைப் போட்டார்கள். பாஸ்டர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

அப்போது அது கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து, கம்பி இழை மாதிரி, கீச்சென்று ஒரு விசில்.

பெட்டியின் தலைமாட்டில் நின்ற இரண்டு பேர் பின்னால் துள்ளினார்கள். பாஸ்டர் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். "ஐயோ, இன்னா அது?" என்றாள் புஷ்பவல்லி. விசில் விட்டுவிட்டு இழுத்தது.

"அண்ணன் மிஷினு" என்றார் சின்னதுரை, தனக்குத்தானே சொல்வதுபோல.

இளவழகன் மூடியைத் திறக்கக் குனிந்தான். விஜயகுமாரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

கயிற்றைக் கொடுத்துப் பெட்டியை இறக்கினார்கள். அவளுடைய இன்னொரு கையின் கட்டைவிரல் தானாக எழுந்து காற்றில் ஒருமுறை அழுத்திவிட்டுத் தாழ்ந்தது. பெட்டி அடியில் போய் உட்கார்ந்த பிறகும் விசில் நிற்கவில்லை. முதல் கைப்பிடி மண்ணைப் போட யாரும் குனியவில்லை. குழியைச் சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.